பெரியது விருந்தாளிக்கு

இகார்சுக்
28 ஆகஸ்ட் 1986

தபிதா,

யாகோவுக்கு முதல் கொம்புத் திமிங்கிலம் கிடைத்துவிட்டது. என் பேரனுக்கு வயது பத்தொன்பதுதான். அவன் தாத்தாவுக்கே இருபத்து மூன்றில்தான் கிடைத்தது, நினைவிருக்கும் உனக்கு. ஊரில் ஒரு வீடு விடாமல் தோல்துண்டு போனது. பேத்தி பெபியானே கானாக்கில் மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்துவிட்டாள். வகுப்பில் பதினொரு பேர், இவள் இரண்டாவது. முதலாவதாக வந்த பெண் அதே படிப்பை ஏற்கெனவே ஒருமுறை படித்தவளாம், அதனால் அவளைச் சேர்க்க வேண்டியதில்லை. கடைக்குட்டி மார்த்தீன் பறவைப் பாடத்தில் பள்ளிக்கே முதல்.

நான் உபதேசியார் வீட்டுச் சமையலறைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவன் எல்லாப் பறவைக்கும் இரண்டு மொழியிலும் பெயர் சொல்வதைக் கேட்டபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. பாறை விளிம்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற பெரிய அக்பா, சிவப்புக் காலோடு கரையோரம் முங்குகிற செர்ஃபாக், எல்லாம் சொன்னான். கைப்பிடிக்குள் அடங்குகிற நம் அக்பலியார்சுக், நாம் சின்னது என்கிறோமே, அதற்கு டேனிஷ் புத்தகத்தில் என்ன பெயர் தெரியுமா? கடலரசன். பக்கத்து வீட்டு சோஃபியே கிழவி அதைக் கேட்டுவிட்டு, "அறுபது வருசமா ராசாவ எலும்போட கடிச்சுத் தின்னிருக்கேன், ஒருத்தரும் சொல்லலையேடா" என்றாள். மார்த்தீனுக்கு விக்கலே வந்துவிட்டது.

கிவியாக் இந்த வருடமும் இரண்டு தோல் வைத்துவிட்டேன், சின்னதுகளைக் கடல்நாய்த் தோலுக்குள் முழுசாக அடைத்துத் தைத்துக் கல்லுக்கு அடியில் புளிக்கவிட்டாயிற்று. முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, பறவை பிடிக்கச் சரிவில் ஏறுவது தாமதமானது, பெரிதாக ஒன்றுமில்லை. சோஃபியே மூன்று வைத்திருக்கிறாள், அவளுக்கு மூன்று மருமகள்கள். நான் ஒற்றை ஆளாக இரண்டு.

உன் மகன் அவாதாக் நம் சாப்பாடு சாப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நான்கு மாத இருட்டு முடிந்து சூரியன் திரும்பும் நாளுக்கு அவனை அனுப்பு. அவனுக்காகத்தான் கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் புதுப் படம் ஒன்று தபாலில் போடு. பழையதில் அவன் முகம் மங்கிவிட்டது.

இனாலுக்

*

நூக்
14 அக்டோபர் 1986

அக்கா,

படம் வைத்திருக்கிறேன். அவாதாக் கண்ணை மூடிவிட்டான், படம் எடுக்கும்போது எப்போதும் அப்படித்தான். வேறு இல்லை.

உன் கடிதத்தை அவனே உரக்கப் படித்தான். "பெரியம்மா லெட்டர் வந்தாலே நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு தெரிஞ்சிடும்மா" என்று சிரித்தான். ஆகாதவன் இல்லை, எழுதிக்கொள்: இந்த ஊரில் பாதி வீட்டு மாடிப்படி அவன் தச்சுவேலை. நானும் ஒன்று பெருமையடித்துவிட்டேன்.

பிப்ரவரியில் வருகிறான். விடுப்பு கிடைத்துவிட்டது. "கல்லத் தூக்கறப்போ நானும் பக்கத்துல நிக்கணும்னு சொல்லும்மா. அந்த நாத்தம் மூக்குலயே இருக்கு" என்கிறான். நம் ஊர்ப்பேச்சில் பாதி மறந்துவிட்டது, நாற்றம் மறக்கவில்லை.

அவனைப் பார்த்துக்கொள் அக்கா. மெல்லிய பனிக்கட்டியை அவனுக்கு அடையாளம் தெரியாது. நாய்களிடம் போய் நிற்பான். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுவிடுவான், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை.

தபிதா

*

நூக்
9 மார்ச் 1987

அக்கா,

அடக்கம் முடிந்தது. இங்கே நிலம் இறுகிக் கிடக்கிறது, பாறை வெடிக்கிற ஆட்கள் வந்து குழி எடுத்தார்கள். நான் உன் ஊருக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் பாதி வழியில் நான்கு நாள் நின்றது உனக்குத் தெரியும். அதனால் அவன்தான் என்னிடம் வந்தான்.

பெட்டியோடு ஒரு காகிதம் வந்தது. கடலரசன் என்னும் பறவையை நொதிக்கவைத்து உண்டதால் நஞ்சேறி இறந்தான் என்று எழுதியிருக்கிறது. நான்கு முறை படித்தேன்.

நம் அம்மா சாகும்வரை தோல் தைத்தாள். நீ நாற்பது வருடமாகத் தைக்கிறாய். சின்னதைத் தின்று நம் வீட்டில் யார் செத்தார்கள்? அப்பா பசியில் செத்தார், தின்றதால் இல்லை.

என்ன நடந்தது என்று எழுது. தொலைபேசியில் கேட்கமாட்டேன். கடையில் நின்று நீ பேசுவதை ஊரே காதில் வாங்கும், நீயும் ஊருக்காகத்தான் பேசுவாய்.

அவன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. நீயும் சொல்லமாட்டாய் என்று தெரியும். ஒரு பிள்ளை பிறந்து அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளும்வரை அது வெளியே குளிரில் நிற்கட்டும்.

தபிதா

*

இகார்சுக்
30 மார்ச் 1987

தபிதா,

யாகோ இந்த மாதம் மூன்று கடல்நாய் பிடித்தான். மார்த்தீன் கணக்கிலும் நன்றாக வருகிறான். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, ஆனாலும் கை தானாக எழுதுகிறது.

நான் என்ன சொல்லட்டும். இலையுதிர் காலத்தில் வெயில் அதிகம், கல்லுக்குள் சூடு போயிருக்கும். இல்லையென்றால் தையலில் எங்கோ காற்றுப் புகுந்திருக்கும், நரி மோந்து பார்த்திருக்கும். பன்னிரண்டு பேர் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன் தபிதா, அதே தோலிலிருந்து.

மறுநாள் சூரியனைப் பார்க்க எல்லோரும் மேட்டில் ஏறினோம். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றோம். அவன் சொன்னான், "பெரியம்மா, எனக்கு மட்டும் ரெண்டு சூரியன் தெரியுது." யாகோ, "ஒம்போது வருசம் வராததுக்குச் சேத்து வந்திருக்கு, வாங்கிக்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கீழே இறங்கும்போதுதான் அவன் இமை இரண்டும் பாதிக்கு விழுந்திருந்ததைப் பார்த்தேன். தூக்கமில்லை என்று நினைத்தேன்.

மருத்துவர் சொல்லி ஊரில் எல்லாத் தோலையும் தோண்டியெடுத்துக் கடற்கரையில் எரித்தார்கள். சோஃபியேயின் மூன்றும் போயிற்று. குளிர்காலத்துக்கு அவளிடம் இருந்தது அதுதான்.

பெபியானே ஐந்து மாதம். ஜூலையில் பிறக்கும். உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். அந்தப் பெயரைப் பிள்ளைக்குக் கொடு. வெளியே நிற்க வேண்டாம், என் வீட்டுக்குள் வரட்டும். வேறு யாரும் நம் வீடுகளில் கர்ப்பமாக இல்லை.

இனாலுக்

*

நூக்
22 ஏப்ரல் 1987

அக்கா,

கானாக் மருத்துவமனையிலிருந்து அவன் என்னிடம் பேசியது உனக்குத் தெரியாது. நாக்கு தடித்திருந்தது. பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை எழுதுகிறேன்.

"பெரியம்மா எனக்குன்னு அடியிலேருந்து எடுத்து வெச்சிருந்தாங்கம்மா. இந்த வருசம் சின்னதுங்க என்னமா கொழுத்திருக்கு. ஒரு தொட என் கட்டவிரல் தண்டி. இது சின்னதுதானா பெரியம்மான்னு கேட்டேன். ஊர விட்டுப் போனவனுக்கு அளவு மறந்துபோச்சுன்னு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணிட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். என் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.

சின்னதின் தொடை எவ்வளவு இருக்கும் அக்கா? சுள்ளி அளவு. நான் பதினெட்டு வருடமாகத் தெற்கே இருக்கிறேன், எனக்கு இன்னும் மறக்கவில்லை. நம்மைக் கண்ணை மூடச்சொல்லிக் கையில் வைத்தாலும் எடையிலேயே பெயர் சொல்வோம்.

வெயில் வேண்டாம். நரி வேண்டாம். அந்தத் தோலில் என்ன பறவை இருந்தது? ஒரு சொல்தான். அதை எழுதாமல் என் மகனின் பெயரைக் கேட்காதே.

தபிதா

*

இகார்சுக்
3 ஜூன் 1987

அக்பா.

எழுதிவிட்டேன். இதற்கு மேலே எழுதாமல் உறையை ஒட்டலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

போன கோடையில் முழங்கால் பிடித்தது என்று எழுதினேனே, பிடிக்கவில்லை, மடங்கவே இல்லை. கற்சரிவில் பாதிதான் ஏற முடிந்தது. சின்னதுகள் மேலே உச்சியில் சுற்றின, என் வலைக்கோல் எட்டாத உயரத்தில். ஒரு தோலுக்கு நிறைந்தது. இரண்டாவதற்குப் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சின. கடையில் வைத்து சோஃபியே கேட்டாள், "இந்த வருசம் ஒண்ணோட நிறுத்திக்கிட்டியா இனாலுக்? வயசாச்சுல்ல, தப்பில்ல." தப்பில்லை என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு. தங்கச்சி மகன் வர்றான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது இரண்டாவது தோல் வாசலில் காலியாகக் கிடந்தது.

யாகோ பாறையிலிருந்து எழுபது அக்பா கொண்டுவந்திருந்தான், சுடுவதற்கும் சூப்புக்கும். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை இதில் சேர்க்காதே. அவன் படகில் போன நாளில் கதவைச் சாத்திவிட்டு அடியில் அவற்றை அடுக்கினேன். மேலே சின்னதுகளைப் பரப்பினேன். ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றினேன், பெரிய பறவையின் நெஞ்சுக்குள் காற்று நிற்கும் என்று தெரியும், அதனால் கூடுதலாக மிதித்தேன். நான் அறியாமல் செய்ததாக நினைக்காதே. அம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சின்னதுக்குத்தான் கொழுப்பு எலும்புவரை இறங்கும், பெரியது உள்ளே பச்சையாகவே கெட்டுப்போகும் என்பாள். கேட்டுக்கொண்டே தைத்தேன். தையல் நன்றாக வந்தது. பொருந்தின இடம் தெரியவே இல்லை.

ஆறு மாதம் அதை நினைக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டேன் தபிதா. இரண்டு தோல் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது இரண்டு தோல் ஆகிவிட்டது.

அன்றைக்கு முதல் தோலைப் பிரிக்காமல் இரண்டாவதைப் பிரித்தது ஏன் என்று நீ கேட்பாய். முதல் தோல் கல்லோடு உறைந்து ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

மேலே இருந்த சின்னதுகளை எல்லோருக்கும் கொடுத்தேன், எனக்கும் எடுத்துக்கொண்டேன். நம் வீட்டில் பெரியது விருந்தாளிக்கு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கையை அடியில் விட்டேன், விரலுக்குத் தட்டுப்பட்டதில் பெரியதாகப் பார்த்து எடுத்து அவனுக்கு வைத்தேன். நான்கு வைத்தேன். "சாப்டு, சாப்டு, அங்க இதெல்லாம் எங்க கெடைக்கும்" என்றேன். அவன் கேட்டான், நான் கிண்டல் செய்தேன், நீ எழுதியது சரி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இது அக்பாதான் என்று ஒரு சொல் சொல்லிக் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம். வாயில் இருந்தது அந்தச் சொல்.

மருத்துவர் டேனிஷில் கேட்டார், பெபியானே எனக்கு மாற்றிச் சொன்னாள். "என்ன பறவன்னு கேக்கறாரு பாட்டி. சின்னதுதானே?" நான், "சின்னதுதான்" என்றேன். அவள் அவரிடம் கடலரசன் என்றாள். என் பேத்தி படித்த படிப்பு முழுவதையும் நான் அந்த ஒரு சொல்லுக்குச் செலவழிக்க வைத்தேன். உண்மை தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை.

சின்னதுகள் மே மாதமே வந்துவிட்டன. வானம் இரைகிறது. சரிவில் ஒரு வலைகூட இல்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கொன்றது அந்தப் பறவை என்று நான்தானே சொன்னேன்.

இப்போது பெயரைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

இனாலுக்

*

நூக்
25 ஜூலை 1987

இனாலுக்,

பெபியானே கடையிலிருந்து பேசினாள். பையன். மூன்று நாளாகப் பால் குடிக்காமல் அழுகிறானாம். "பேரு கேக்கறான் சின்னப் பாட்டி. எந்தப் பேரச் சொன்னாலும் கத்தறான்" என்றாள். அவன் அழுவது எனக்கே கேட்டது. கருவியை அவன் காதில் வை என்றேன். ஐந்து மாதம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்ததைச் சொன்னேன்.

அவாதாக்.

நிறுத்திவிட்டான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன் குடிக்கிற சத்தம்.

ஆகவே பெயர் கொடுத்தாகிவிட்டது. நீ கேட்டதால் இல்லை. அவன் வந்து நிற்கும்போது கதவைச் சாத்த என்னால் முடியவில்லை.

அதன் பிறகு உன் கடிதத்தை பெபியானேவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. "நான்தானே டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றாள். அப்புறம், "பிள்ளையக் கூட்டிட்டு அங்க வந்துடறேன்" என்றாள். அவள் புருஷனுக்கு இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும். அந்தப் பெயரை வாங்கிய பிள்ளை என் மகன், அவன் தன் வீட்டுக்கு வருகிறான். நம் வழக்கத்தில் இதில் தவறு எதுவும் இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஒருமுறை உன் கையால் சாப்பிட்டான். இரண்டாவது முறை வேண்டாம். வழியனுப்ப நீ வரலாம், அவன் வாயில் எதையும் வைக்காதே.

சோஃபியேயிடம் போய்ப் பறவையின் பெயரைச் சொல். நீயே சொல். எனக்கு இனி எழுத ஒன்றும் இல்லை.

தபிதா

*

இகார்சுக்
17 பிப்ரவரி 1988

தபிதா,

அவாதாக்குக்கு இந்நேரம் கீழ்ப்பல் இரண்டு வந்திருக்கும். உட்காருவான். யாகோ ஐந்து மாதத்தில் குப்புற விழுந்தான், மார்த்தீன் நாலில். இவன் எப்போது விழுந்தான் என்று எனக்குத் தெரியாது, அதனால் மூன்றரை மாதம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் என்றால் நாய்களிடம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் இவன்தான் குரல் கனத்தவனாக இருப்பான். அவர்கள் கிளம்பிய அன்று ஹெலிகாப்டர் சத்தத்துக்கு மேலே அவன் அழுதது எனக்குக் கேட்டதே.

நீ சொன்னபடி அவன் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. கையுறை பின்னி வைத்திருந்தேன். அதையும் அவன் சப்புவான் என்று பெபியானே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி, பிள்ளைகள் எல்லாவற்றையும் சப்பும்.

சோஃபியேயிடம் கடையில் வைத்துத்தான் சொன்னேன். பெருமையடித்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அக்பா என்றேன். ஆறேழு பேர் இருந்தார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "என் மூணு தோலயும் எரிச்சப்போ நீ என் பக்கத்துல நின்னு குளிர் காஞ்சியே இனாலுக்" என்றாள். அவ்வளவுதான். ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுவாரம் அவளும் மருமகள்களும் வலையோடு சரிவில் ஏறினார்கள். ஆனால் காலம் தாண்டிவிட்டது. சின்னதுகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தன. வெறும் கல்லைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

நான் கொடுப்பதை இப்போது யாரும் வாங்குவதில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், "இப்பத்தான் சாப்ட்டேன்" என்று. ஒரு ஊரே எந்நேரமும் இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறது.

யாகோவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுபதையும் பிடித்து வந்தது தான்தானே என்று ஒருநாள் கேட்டான். உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "தெரியாமத்தான் எல்லாருமே இருந்தோம் பாட்டி, உன்னத் தவுர" என்றான். நாய்களை எனக்கு விட்டுவிட்டுக் கானாக்கில் இருக்கிறான். குடிக்கிறான் என்று சொல்கிறார்கள். மார்த்தீனைத் தன்னோடு இருக்கட்டும் என்று அவன் அம்மா அழைத்துப் போய்விட்டாள். அவன் பறவைப் புத்தகம் இங்கேயே கிடக்கிறது. கடலரசன் பக்கத்தில் அவன் பென்சிலால் ஒரு கிரீடம் வரைந்திருக்கிறான். அதை அழிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று சூரியன் வந்தது. நான் மேட்டில் ஏறவில்லை. சன்னல் வழியாக எதிர்ப்பாறையில் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்டிலிருந்து உனக்கு இது ஐந்தாவது கடிதம். பதில் எழுத வேண்டாம். நீ எழுத மாட்டாய், எனக்கும் படிக்கப் பயமாக இருக்கிறது. அவன் பேசத் தொடங்கியதும் என்னைப் பெரியம்மா என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நீ சொல்லித்தராவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தெரியாமல் இருப்பதே அவனுக்கு நல்லது.

நீ முன்பு அனுப்பிய படம் சுவரில் இருக்கிறது. அதில் அவன் கண் மூடியிருக்கிறது. என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

ஒரு புதுப் படம் தபாலில் போடு. யாரும் கூட நிற்க வேண்டாம், அவன் மட்டும் போதும். சிரிக்காவிட்டால் பரவாயில்லை. இமை இரண்டும் நன்றாகத் திறந்திருக்கிற சமயமாகப் பார்த்து எடுக்கச் சொல்.

இனாலுக்